சுடுதண்ணி வந்த வழி

இந்த வாரம் உளுந்து விதைப்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது. நடுவுல எங்க வீட்டுல ஒரு சின்ன விஷயம் நடந்தது. குளிக்கிற சுடுதண்ணி சம்பந்தப்பட்டது. சின்ன விஷயம்னுதான் நானும் நினைச்சேன். கிளறக் கிளற அதுக்குள்ள ஒரு சரித்திரமே இருந்தது. அதை எழுதிடறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையேறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிவியில விழுப்புரம் பேர் அடிபட்டது அந்த வாரம்தான். மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிச்சு. எங்க வளவனூர்ப் பக்கமும் வயலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியல. எங்க தெருவுல அஞ்சு நாள் கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லன்னா மோட்டார் இல்ல, மோட்டார் இல்லன்னா மாடி டேங்குல தண்ணி இல்ல. வெயில் வந்தாத்தானே சோலாரும் வேலை செய்யும்? அதுவும் சும்மா நின்னுச்சு.

அம்மாவுக்கு வயசு எழுபத்தெட்டு. பச்சத் தண்ணியில குளிச்சா மறுநாளே நெஞ்சுல சளி கட்டும். பரண்ல கிடந்த செம்புப் பாய்லரை இறக்கி, புளி போட்டுத் தேய்ச்சு, கொட்டாங்குச்சியும் கரியும் போட்டுப் பத்த வெச்சோம். கிணத்துல சேந்தின தண்ணி. அஞ்சு நாளும் அம்மா சுடச்சுடக் குளிச்சாங்க. முகத்துல ஒரு சந்தோஷம். புயலுக்கு நடுவுல எனக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான்.

கரண்ட் வந்துச்சு, பாய்லர் பரணுக்குப் போயிடுச்சு. மார்கழி பாதியில அம்மாவுக்கு இருமல். விடவே இல்ல. விசாரிச்சப்பதான் தெரிஞ்சது, ரெண்டு வாரமா அவங்க பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறாங்கன்னு.

"ஏம்மா, மாடியில சோலார் எதுக்கு இருக்கு?"

"அது சூடா வர்றதுக்குள்ள முக்கால் வாளி தண்ணி சாக்கடைக்குப் போவுதுடா. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? பாய்லர்ல ஒரு சொட்டு வீணாப் போச்சா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரல. சோலார் வெச்சுப் பல வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் அந்த முதல் தண்ணியைக் குடத்துல பிடிச்சு வாழைக்கு ஊத்தியிருக்காங்க. இப்ப குடம் தூக்க இடுப்பு விடல. வீணாக்கவும் மனசு வரல. அதனால சுடுதண்ணியையே விட்டுட்டாங்க. நம்மகிட்ட சொல்லவும் இல்ல.

தப்பு எங்கன்னு அன்னிக்கே தேட ஆரம்பிச்சேன். தப்பு சோலார்ல இல்ல. குழாயிலதான் இருந்தது. குழாயோட சைஸ்லயும், அது போன தூரத்துலயும்.

*

எங்க வீட்டுல சுடுதண்ணி வந்த வழியை முதல்ல சொல்லிடறேன். உங்க தாத்தா பாட்டி வீட்டுலயும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும்.

எங்க ஆயா காலத்துல குழாய்னு ஒண்ணு கிடையாது. கொல்லையில மண் அடுப்பு. மேல கரி ஏறின பித்தளைத் தவலை. சவுக்கு மிளாறு, மல்லாட்டைக் கொடி, கரும்புச் சோகை, எது கிடைக்குதோ அது எரியும். அடுப்புக்குப் பக்கத்துலயே துவைக்கிற கல். குளிக்கிறதும் அந்தக் கல்லுலதான். மொண்டு, வாளியில ஊத்தி, பச்சத் தண்ணி விளாவி, குளிச்சாச்சு. அடுப்புக்கும் உடம்புக்கும் ரெண்டடி தூரம். பிள்ளை பெத்தவளுக்கு நொச்சித் தழை போட்டுக் காய்ச்சறது, தீபாவளி விடியக்காலை எண்ணெய்க் குளியல், சனிக்கிழமை தலைக்கு ஊத்திக்கிறது, எல்லாம் அந்தத் தவலையிலதான்.

அப்புறம் அப்பா கல்யாணத்துக்குச் சீரா வந்தது செம்புப் பாய்லர். நகரத்துப் பிள்ளைங்க பார்த்திருக்க மாட்டீங்க. உயரமான செம்பு உருளை. நட்ட நடுவுல ஒரு புகைக்குழல். குழலுக்குள்ள கரி எரியும், சுத்தி தண்ணி நிக்கும். மேல ஒரு புனல், பக்கத்துல வாய். புனல்ல ஒரு சொம்பு பச்சத் தண்ணி ஊத்தினா, அது அடிக்குப் போய் மேல நிக்கிற சூட்டுத் தண்ணியைத் தள்ளும். வாய் வழியா ஒரு சொம்பு சுடுதண்ணி வந்து விழும். கொடுத்தாத்தான் கிடைக்கும். கணக்கு தெளிவா இருக்கும்.

இந்த ஏற்பாடு பழசு, ரொம்பப் பழசு. ரோமாபுரியில 2,000 வருஷத்துக்கு முன்னாடி விட்ருவியஸ்னு ஒரு கட்டடக்காரர் குளியல் கூடம் கட்டறதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். அடுப்புக்கு மேல மூணு வெண்கல அண்டா வைக்கணுமாம். ஒண்ணு சூடு, ஒண்ணு வெதுவெதுப்பு, ஒண்ணு பச்சை. சூட்டு அண்டாவுல எவ்வளவு குறையுதோ அவ்வளவு வெதுவெதுப்பு அண்டாவுலருந்து வரணும், அதுல குறையறது பச்சை அண்டாவுலருந்து வரணும். எங்க பாய்லர் மூணு அண்டா செய்யற வேலையை ஒரே உருளையில செஞ்சது.

ரோமாபுரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. எங்க ஊர்லருந்து கிழக்கால போனா புதுச்சேரி. அதுக்குத் தெக்கால அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்க தோண்டினப்ப ரோமானியச் சாடி ஓடுகளும் இத்தாலி நாட்டுச் சிவப்பு மண்பாண்டத் துண்டுகளும் கிடைச்சது. அந்தக் கப்பல்கள் வந்து போன முதல் நூற்றாண்டுலதான், கி.பி. 97-ல, ரோமாபுரியோட தண்ணி விநியோகத்துக்கு அதிகாரியா வந்தார் ஃப்ரான்டினஸ். குழாய் சைஸோட சரித்திரம் எழுதறவங்க இவரைத் தாண்டிப் போக முடியாது. அங்க ஈயக் குழாய்க்கு 25 சைஸ் இருந்ததுன்னும், அதுல 15 தான் புழக்கத்துல இருந்ததுன்னும் அவர் எழுதியிருக்கார். அடிப்படை சைஸுக்குப் பேரு க்வினாரியா. வீட்டுக்கு எவ்வளவு தண்ணின்னு அளக்க அவங்ககிட்ட மீட்டர் இல்ல. குழாயோட வாய்தான் மீட்டர். அதனால முத்திரை குத்தின வெண்கல வாய் ஒண்ணு வெச்சுத்தான் இணைப்பு கொடுக்கணும்னு சட்டம். குழாய் போடற ஆளுங்க காசு வாங்கிட்டுப் பெரிய வாய் வெச்சுக் கொடுக்கறாங்கன்னு அவர் புலம்பியிருக்கார். பெரிய குழாய்னா நல்ல குழாய்ங்கிற நினைப்பு அன்னிக்கே வந்துடுச்சு.

*

எங்க பக்கத்துக்குக் குழாய் எப்ப வந்தது?

ரயில் முதல்ல வந்துடுச்சு. விழுப்புரத்துலருந்து வளவனூர் வழியா புதுச்சேரிக்கு 1879-லயே மீட்டர் கேஜ் வண்டி ஓடிச்சு. புதுச்சேரிக்காரங்களுக்கு மூன்றாம் நெப்போலியன் காலத்துலயே முத்திரப்பாளையத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்தது. பாரதி பூங்காவுல இருக்கிற ஆயி மண்டபம் அதோட நினைவுதான். சென்னைக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணி 1872-ல. எங்களை மாதிரி ஊருங்க காத்துக்கிட்டு நின்னோம். 1971-ல குடிநீர் வடிகால் வாரியம் ஆரம்பிச்ச பிறகுதான் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்கள்ல மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் பரவிச்சு. வீட்டுக்குள்ள குழாய் வந்தது அதுக்கும் அப்புறம்.

எங்க வீட்டுல வந்த முதல் குழாய் ஜி.ஐ. பைப். துத்தநாகம் பூசின இரும்பு. கனம் தோளை அழுத்தும். முனையில மரை வெட்டி, சணல் சுத்தி, வெள்ளை பெயின்ட் தடவி முறுக்குவாங்க. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லயே வந்துடுச்சு. நிலத்தை ஹெக்டேர்ல எழுதறோம், பாலை லிட்டர்ல ஊத்தறோம். ஆனா குழாய்க் கடையில இன்னிக்கும் இஞ்ச்தான்.

எங்க தண்ணி உப்புத் தண்ணி. சோறு வடிக்கிற பானையில ரெண்டு மாசத்துல வெள்ளையாப் படை கட்டும். சுண்ணாம்புச் சத்து. பச்சத் தண்ணியில கரைஞ்சு கிடக்கும், சூடு ஏறினா பிரிஞ்சு ஒட்டிக்கும். அதனால வீட்டுல சீக்கிரம் அடைச்சுக்கிற குழாய் எப்பவும் சுடுதண்ணிக் குழாய்தான்.

அடைப்பு எவ்வளவு கெடுக்கும்? 15 மில்லிமீட்டர் உள்வாய் இருக்கிற குழாய்ல சுத்தி வர ஒன்றரை மில்லிமீட்டர் படை கட்டினா வாய் 12 ஆகும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா அதே உயரத்து டேங்குலருந்து வர்ற தண்ணி கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிடும். காரணம் இதுதான்: வாய் இரட்டிச்சா தண்ணி ரெண்டு மடங்கு வராது, நாலு மடங்கும் இல்ல, சுமார் ஆறு மடங்கு வரும். குறையும்போதும் அப்படியே வேகமாக் குறையும். பிரான்ஸ்ல தீஜோன் ஊருக்குத் தண்ணி கொண்டு வந்த ஹென்றி டார்சிங்கிற எஞ்சினியர் பலவகைக் குழாய்கள்ல தண்ணி விட்டு அளந்து 1857-ல வெளியிட்டார். குழாயோட சைஸ் மட்டும் இல்ல, உள்சுவர் வழவழப்பா சொரசொரப்பாங்கிறதும் தண்ணியைத் தீர்மானிக்கும்னு காட்டினவர் அவர்தான். புது இரும்புக் குழாய்க்கும் படை கட்டின பழைய குழாய்க்கும் இருக்கிற வித்தியாசம் அவர் கணக்குல தெளிவா வந்தது.

எங்க ஊர் மேஸ்திரிங்க டார்சியைப் படிச்சதில்ல. ஆனா அவங்களுக்கு ஒரு பாடம் தெரியும்: "சுடுதண்ணி லைனுக்கு ஒரு சைஸ் கூடப் போடு. நாளைக்கு உப்பு தின்னாலும் மிச்சம் இருக்கும்." அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம். இரும்புக் குழாய்க்குச் சரி, உப்புத் தண்ணிக்குச் சரி.

*

அடுத்து கெய்சர் வந்தது. 1868-ல லண்டன்ல பெஞ்சமின் மாகன்ங்கிற ஒரு பெயின்ட் வேலைக்காரர் கண்டுபிடிச்ச கருவிக்கு அவரே வெச்ச பேர் அது. ஐஸ்லாந்துல பூமியைப் பிச்சுக்கிட்டு வர்ற வெந்நீர் ஊத்துப் பேரு. அவரோடது கேஸ்ல எரியறது, புகை போக வழிகூட இல்ல, ஆபத்தானது. 1889-ல அமெரிக்காவுல எட்வின் ரூட், நார்வேலருந்து போனவர், தானா அணைஞ்சு தானா எரியற தொட்டி வகையைக் கொண்டு வந்தார். நம்ம பாத்ரூம்ல சுவர்ல தொங்கறது அந்த வம்சம்தான். தொண்ணூறுகள்ல எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்தது. பாத்ரூமுக்குள்ளயே இருந்ததால குழாய் நீளம் நாலடி. திறந்த உடனே சூடு. அப்ப எந்தப் பிரச்சனையும் இல்ல. கரண்ட் பில் மட்டும் ஏறிச்சு.

அதுக்கப்புறம்தான் சோலார். எங்க மாவட்டத்துக்கு வெயில் புதுசு இல்ல. வானூர் பக்கம் ஆரோவில்ல 15 மீட்டர் அகலத்துல ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மாடியில கட்டி, சூரியச் சூட்டுல ஆவி உண்டாக்கிச் சமையல் செய்யறதைப் போய்ப் பார்த்திருக்கேன். அந்த ஆசையிலதான் நானும் மாடியில சோலார் வெச்சேன்.

இதுக்கு நடுவுல குழாயும் மாறிடுச்சு. தொண்ணூறுகளோட கடைசியில நம்ம நாட்டுக்குள்ள சி.பி.வி.சி. வந்தது. அந்த வெளிர் மஞ்சள் கலர் குழாய், பார்த்திருப்பீங்க. சாதா பி.வி.சி. சூடு பட்டா தொய்ஞ்சிடும். இது தொண்ணூறு டிகிரி வரைக்கும் தாங்கும். துரு கிடையாது. உள்சுவர் கண்ணாடி மாதிரி. மரை வேண்டாம், பசை போதும். ஜி.ஐ. பைப் வீட்டை விட்டே போயிடுச்சு.

குழாய் மாறிச்சு. ஆனா "ஒரு சைஸ் கூடப் போடு"ங்கிற பாடம் மட்டும் மாறல.

இதுல இன்னொரு குழப்பமும் உண்டு. ஜி.ஐ. அரை இஞ்ச்னா உள்வாய் சுமார் 16 மில்லிமீட்டர். சி.பி.வி.சி. அரை இஞ்ச்னா வெளி உடம்பே 15.9 மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய முன்னதுக்குள்ள பின்னதை நுழைச்சிடலாம். பேர் ஒண்ணு, பொருள் வேற. சி.பி.வி.சி.க்கு அமெரிக்கச் செம்புக் குழாயோட அளவை எடுத்துக்கிட்டதால வந்த வினை. அதனால ஜி.ஐ. அரை இஞ்ச் இருந்த இடத்துல சி.பி.வி.சி. முக்கால் போடறதுல ஒரு நியாயம் இருக்கு. எங்க வீட்டுல வேலை பார்த்த பிளம்பர் தம்பி அதுக்கும் மேல ஒரு சைஸ் போட்டார். ஒரு இஞ்ச். "ஃபோர்ஸா வரும்ணா"ன்னு சொன்னார். நானும் தலையாட்டினேன். அவர் மேல தப்பு இல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் காலத்துப் பாடம் அது. கேள்வி கேட்காம இருந்தவன் நான்.

*

இப்ப கணக்குக்கு வர்றேன். பயப்படாதீங்க, அஞ்சாங் கிளாஸ் கணக்குதான்.

சோலார் இருக்கிறது மாடியோட தெற்கு மூலை. பாத்ரூம் பின்னாடி. குழாய் கைப்பிடிச் சுவரைச் சுத்தி, சமையல்கட்டுப் பக்கம் இறங்கி, அங்கருந்து பாத்ரூமுக்குப் போச்சு. டேப் வெச்சு அளந்தேன். 18 மீட்டர். மீந்து கிடந்த துண்டுக் குழாய்களோட உள்வாயை அளந்தேன். ஒரு இஞ்ச்னு சொல்றது சுமார் 23 மில்லிமீட்டர், முக்கால் 18, அரை 12.

ஒரு மீட்டர் நீளத்துக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்கும்? ஒரு இஞ்ச்ல 415 மில்லி. முக்கால்ல 254. அரையில 113. அப்ப 18 மீட்டருக்கு ஒரு இஞ்ச்ல ஏழரை லிட்டர், முக்கால்ல நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல, அரையில ரெண்டு லிட்டர்.

இந்த ஏழரை லிட்டர்தான் அம்மா சொன்ன பாவம். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ள ஆறிக் கிடக்கிற தண்ணி. அது வெளிய போனாத்தான் பின்னாடி சூடு வரும். குழாயோட உடம்பு சூடேறவும் கொஞ்சம் செலவாகும். வாளி வெச்சுப் பிடிச்சுப் பார்த்தேன், ஒன்பது லிட்டர் வந்தது. முக்கால் வாளின்னு அம்மா சொன்னது கொஞ்சம்தான் கூட.

நாங்க நாலு பேரும் நாலு நேரத்துல குளிக்கிறவங்க. நான் பால் கறந்துட்டு அஞ்சு மணிக்கு, பொண்ணு ஏழுக்கு, அம்மா வெயில் ஏறி, வீட்டுக்காரம்மா வேலை முடிஞ்சு மத்தியானம். ஒவ்வொரு தடவையும் குழாய் ஆறியிருக்கும். குழாய்க்குள்ள நிக்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டாலே ஒரு நாளைக்கு 30 லிட்டர், வருஷத்துக்குப் பதினோராயிரம் லிட்டர். கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி. 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வத்தி லாரிக்குக் குடத்தோட நின்ன சென்னைக்காரங்களுக்கு இது என்னன்னு சொல்லத் தேவையில்ல. வீணாப் போறது தண்ணி மட்டுமா? குளிச்சு முடிச்சு மூடினதும் குழாய்க்குள்ள அதே ஏழரை லிட்டர் சுடுதண்ணி மாட்டிக்கிட்டு ஆறிப் போகுது. சூடும் சாக்கடைக்குத்தான்.

சரி, எல்லாத்தையும் அரை இஞ்ச் போட்டுடலாமான்னு கேட்டா, அங்கதான் இன்னொரு பக்கம் இருக்கு. நம்ம வீடுகள்ல தண்ணி வர்றது மாடி டேங்குலருந்து. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம்னு கணக்கு. எங்க டேங்குக்கும் பாத்ரூம் குழாய்க்கும் மூன்றரை மீட்டர். கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ராப்பகலாக் குழாயில அழுத்தம் இருக்கிற நாட்டுக்காரங்க மெல்லிசுக் குழாய் போட்டுத் தப்பிச்சுக்கலாம். நமக்குத் தண்ணி விட்டு விட்டு வர்றதால டேங்க், டேங்க் இருக்கிறதால குறைஞ்ச அழுத்தம், குறைஞ்ச அழுத்தத்தால தடிச்ச குழாய். ஒண்ணோட ஒண்ணு சங்கிலி. மெல்லிசா நீளமாப் போட்டா நூல் மாதிரி வரும். தடிப்பாப் போட்டா ஆறின தண்ணி ஒரு குடம் வரும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் சைஸ் தேர்ந்தெடுக்கணும்.

எத்தனை குழாய் ஒரே நேரத்துல திறக்கும்ங்கிறதும் முக்கியம். அமெரிக்காவுல ராய் ஹன்டர்ங்கிறவர் 1940-ல இதுக்கு ஒரு முறை எழுதினார். கட்டடத்துல இருக்கிற எல்லாக் குழாயும் ஒண்ணாத் திறக்காது, அதனால எல்லாத்தையும் கூட்டிக் குழாய் போடாதே, சேர்ந்து திறக்க எவ்வளவு வாய்ப்போ அதுக்குப் போடுன்னார். இன்னிக்கும் பெரிய கட்டடங்களுக்கு அந்த வழியிலதான் கணக்கு போடறாங்க. எங்க வீட்டுல சுடுதண்ணிக்கு மொத்தமே ரெண்டு வாய், பாத்ரூமும் சமையல்கட்டும். ரெண்டும் ஒண்ணாத் திறக்கிறது அபூர்வம். இதுக்கு எதுக்கு ஒரு இஞ்ச்?

*

தை பிறந்ததும் அதே பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டேன். மாடியில தரையில சாக்பீஸ்ல கணக்கைப் போட்டுக் காட்டினேன். குத்துக்கால் போட்டு உக்காந்து பார்த்தார். "இத்தனை வருஷமா யாரும் இப்படிக் கேட்டதில்லணா"ன்னார்.

முதல் வேலை, தூரத்தைக் குறைச்சோம். சுத்திப் போன குழாயை எடுத்துட்டு மாடிக்குக் குறுக்கால நேரா விட்டோம். 18 மீட்டர் 11 ஆச்சு. சோலார்லருந்து சமையல்கட்டுப் பிரிவு வரைக்கும் மூணு மீட்டர் முக்கால் இஞ்ச், அங்கருந்து பாத்ரூமுக்கு எட்டு மீட்டர் அரை இஞ்ச். உள்ள நிக்கிற தண்ணி இப்ப ஒண்ணே முக்கால் லிட்டருக்கும் கொஞ்சம் கீழ. வாளியில பிடிச்சா ரெண்டரை லிட்டர்ல சூடு வந்துடுது.

தண்ணி குறையலையான்னு கேப்பீங்க. குறைஞ்சது. 15 லிட்டர் வாளி நிறைய முன்ன ஒண்ணே கால் நிமிஷம் ஆச்சு, இப்ப ஒண்ணே முக்கால். ஆனா சூட்டுக்குக் காத்திருக்கிற நேரம் முக்கால் நிமிஷத்துலருந்து கால் நிமிஷமாச்சு. கூட்டிக் கழிச்சா எல்லாம் ஒண்ணுதான். வித்தியாசம் சாக்கடைக்கு மட்டும்தான்.

தொடக் கூடாத ரெண்டு இடத்தைத் தொடல. சோலாருக்குப் பச்சத் தண்ணி வர்ற குழாயும், காத்து போறதுக்கு மேல நிக்கிற குழாயும் அப்படியே தடிப்பா இருக்கட்டும்னு விட்டோம். காத்துக் குழாயைச் சின்னதாக்கறதோ மூடறதோ கூடவே கூடாது. தொட்டி ஒடுங்கிப் போகும்.

வேலை நடக்கும்போது அம்மா படிக்கட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "ஏம்பா, மார்கழியில மாட்டுக்குக் கோணி போத்தறோமே, இந்தக் குழாய்க்கு ஒண்ணும் போத்த மாட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. நானும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். சின்ன வயசுல விழுப்புரம் ஜங்ஷன்ல கரி எஞ்சின் பாய்லருக்கு மேல தகடும் அதுக்குள்ள பஞ்சுமா போர்த்தியிருந்ததைப் பார்த்திருக்கேன். கரும்பு ஏத்திக்கிட்டுப் போற ஆலையில ஆவிக் குழாயெல்லாம் மொத்தையா சுத்தியிருக்கிறதை வருஷா வருஷம் பார்க்கறேன். வீட்டுக் குழாய்க்கு மட்டும் தோணல. கறுப்பு ரப்பர் உறை வாங்கிப் போட்டோம். ராத்திரி முழுக்கச் சூடு தங்காது. ஆனா ஒருத்தர் குளிச்சு அடுத்தவர் போற வரைக்கும் தங்குது.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஃபிளாட்டுல கெய்சர் பாத்ரூமுக்குள்ளயே இருந்தா உங்களுக்கு அரை இஞ்சே போதும், கவலையை விடுங்க. மாடி சோலார்லருந்து நாலு மாடி இறங்கறதா இருந்தா முதல்ல தூரத்தைப் பாருங்க, அப்புறம் சைஸ். டேங்குக்கு நேர் கீழ, மேல் மாடியில இருக்கிற பாத்ரூமுக்கு அழுத்தம் ரொம்பக் குறைவு, அங்க முக்கால் போடறதுதான் சரி. பச்சத் தண்ணிக்கு ஒரு இஞ்சும் சுடுதண்ணிக்கு அரையும் போட்டு ரெண்டையும் ஒரே வாயில கலந்தா, பச்சை ஜெயிச்சிடும். சூடு தள்ளாடும். அதையும் பார்த்துக்குங்க. வயசானவங்க இருக்கிற வீட்டுல வாளியில முதல்ல பச்சத் தண்ணி, அப்புறம் சூடு. கோடையில சோலார் தண்ணி தோலை உரிச்சிடும்.

வேலை முடிஞ்ச மறுநாள் காலையில அம்மா குளிக்கப் போனாங்க. நான் வெளிய நின்னு காதைக் கொடுத்துக்கிட்டிருந்தேன். குழாய் திறந்த சத்தம். ஒரு சொம்பு தண்ணி எங்கயோ தனியா ஊத்தற சத்தம். அப்புறம் வாளியில விழற சத்தம்.

வெளிய வந்தப்ப அவங்க கையில அந்தச் சொம்பு இருந்தது. முதல்ல வந்த பச்சத் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. நேரா கறிவேப்பிலைச் செடிக்குப் போய் ஊத்தினாங்க.

"இது தூக்க முடியுது"ன்னாங்க.